அஞ்சாதே, ஆரஞ்சு போடு!

நவம்பர் பிறந்தால் அமெரிக்கத் தமிழர்களிடமிருந்து வரும் கடிதங்களில் மரத்தடியில் துப்பாக்கியோடு நிற்கும் மனிதர் தவறாமல் தலைகாட்டுகிறார். இந்த முறை மொத்தப் பக்கத்தையும் அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து பென்சில்வேனியாவில் அப்பலாச்சியன் டிரெயில் போவதாக ஏற்பாடு. புளியோதரை யார், தயிர்சாதம் யார் என்பதுவரை முடிவாகிவிட்டது. ஆபீஸில் ஒருவர், "அது மான் சீசன், பார்த்துப் போங்கள்" என்று சிரிக்கிறார். கிண்டலா, எச்சரிக்கையா?
*– நான்கில் ஒரு குடும்பம், எடிசன், நியூ ஜெர்சி*

பதில்: எச்சரிக்கைதான். சிரித்துக்கொண்டே சொல்வது அந்த ஊர் மரியாதை.

பென்சில்வேனியாவில் துப்பாக்கி மான் வேட்டை தொடங்குவது தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை. 1963 முதல் அது திங்கட்கிழமையாக இருந்தது. வகுப்பில் பாதிப் பேர் வரப்போவதில்லை என்று தெரிந்து பல பள்ளிக்கூடங்கள் அன்றைக்கு லீவே விட்டுவிடும். 2019-ல் சனிக்கு மாற்றினார்கள். ஆக, உங்கள் புளியோதரைக்கும் அவர்கள் சீசனுக்கும் ஒரே முகூர்த்தம் குறித்திருக்கிறீர்கள்.

அந்த டிரெயில் ஜார்ஜியாவில் தொடங்கி 14 மாநிலங்களைக் கடந்து மெய்ன் வரை சுமார் 3,500 கிலோமீட்டர் போகிறது. எல்லாம் தேசியப் பூங்கா என்ற நினைப்பில்தான் நம்மவர்கள் போகிறார்கள். ஷெனண்டோவா, கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸ் போன்ற பூங்காக்களுக்குள் வேட்டை கிடையாது, சரி. ஆனால் பாதையில் பாதிக்கு மேல் வேட்டைக்குத் திறந்துவிட்ட நிலங்களில் கிடக்கிறது. பென்சில்வேனியாவில் வெகுதூரம் அது 'ஸ்டேட் கேம் லேண்ட்ஸ்' வழியாகவே போகிறது. அந்த நிலங்களை வாங்கியதே வேட்டைக்காகத்தான். பூங்கா எங்கே முடிகிறது, வேட்டை நிலம் எங்கே தொடங்குகிறது என்று மரங்கள் சொல்லாது.

கேம் லேண்ட்ஸில் நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை சும்மா நடக்க வருபவரும் ஒளிரும் ஆரஞ்சு அணிந்தாக வேண்டும் என்று விதியே இருக்கிறது. தலை, மார்பு, முதுகு மூன்றும் சேர்ந்து 250 சதுர அங்குலம். கணக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம், ஆண்கள் கைக்குட்டை ஒன்றை விரித்தால் வரும் அளவு. குழந்தைகளுக்கும் சேர்த்து வாங்குங்கள். காலை பத்து மணிக்கு மேல் ஏறி மூன்று மணிக்குள் இறங்கிவிடுங்கள். மான் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும், மானைத் தேடுபவரும் அப்போதுதான் சுறுசுறுப்பாக இருப்பார். இத்தனையும் சொன்ன பிறகு என் சொந்த அபிப்பிராயம்: தொடக்க சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேட்டை இல்லாத பூங்கா ஒன்றுக்குப் போய்விடுங்கள். தயிர்சாதம் அங்கேயும் செல்லும்.

கேள்வி: காவி வேட்டி கட்டிக்கொண்டு போனால் போதாதா? ஆரஞ்சுதானே?
*– சபரிமலை போய் வந்தவர், ஆலன்டவுன்*

பதில்: சாமி, நவம்பர் மாத ஓக் மர இலை என்ன நிறம் என்று ஒரு தடவை பாருங்கள். உங்கள் வேட்டியேதான். காட்டோடு காடாகிவிடுவீர்கள். இவர்கள் கேட்கும் ஆரஞ்சு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை விழுங்கித் தெரிகிற ஒளியாகத் திருப்பி உமிழும் சாயம். மேகமூட்டத்திலும் தீப்பற்றியது மாதிரி நிற்பது அதனால்தான். துறவுக்குக் காவி, தற்காப்புக்கு ஃப்ளூரசன்ட்.

கேள்வி: நமக்கே கண் கூசுகிற நிறத்தை மான் பார்க்காதா? வேட்டைக்காரரும் அதையே போடுகிறாரே, எப்படிப் பிழைப்பு ஓடுகிறது?
*– ஒரு சந்தேகப் பிராணி, ராலே*

பதில்: மனிதக் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் மூன்று வகை, மானுக்கு இரண்டே வகை. சிவப்பை உணரும் வகை அதற்கு இல்லை. நமக்குத் தீயாய்த் தெரிகிற ஆரஞ்சு அதற்கு மங்கலான ஏதோ ஒரு பழுப்பு. ஆனால் நீலம் நன்றாகத் தெரியும், புற ஊதாவும் ஓரளவு தெரியும். 'வெண்மைக்கு வெண்மை' என்று விளம்பரம் செய்கிற சலவைத்தூளில் துவைத்த சட்டை மானுக்குப் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது என்பதால், விவரமான வேட்டைக்காரர்கள் துவைக்கிற சோப்பைக்கூடப் பார்த்து வாங்குகிறார்கள். நாம் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, "மானே காணோமே!" என்று அங்கலாய்க்கிறோம்.

கேள்வி: பெண்களுக்காகப் பிங்க் நிறத்தையும் அனுமதித்திருக்கிறார்களாமே?
*– தனியாக நடப்பவள், ஆல்பனி, நியூயார்க்*

பதில்: விஸ்கான்சின் 2016-ல் தொடங்கிவைத்தது. உங்கள் நியூயார்க்கில் 2021 முதல் துப்பாக்கியோடு மான், கரடி வேட்டைக்குப் போகிறவர் ஆரஞ்சோ பிங்கோ ஏதாவது ஒன்று போட்டாக வேண்டும். அதற்கு முன்பு அங்கே பெரும்பாலோருக்கு அந்தக் கட்டாயமும் இல்லை! பிங்கைக் காட்டினால் பெண்கள் காட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று விஸ்கான்சின் சட்டசபையில் யாரோ கணக்குப் போட, வேட்டையாடும் பெண்களிலேயே பலர், "எங்களுக்கு வேண்டியது நிறம் இல்லை, எங்கள் அளவுக்குத் தைத்த கோட்டு" என்று முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் ஒளிரும் பிங்க் காட்டில் நன்றாகவே தெரிகிறது. நீங்கள் தாராளமாகப் போடலாம். ஆண்களும் போடலாம், மீசைக்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி: எதிரே துப்பாக்கியோடு ஒருவர் வந்தால் என்ன பேசுவது? போன வாரம் வாயடைத்து நின்றுவிட்டேன். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.
*– மேற்படி ஆல்பனி வாசகியே*

பதில்: அவர் செய்ததுதான் சரியான மரியாதை, நீங்களும் ஒரு 'குட் மார்னிங்' சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் பேச விரும்பினால் கேட்க வேண்டியது ஒன்றே: "எந்தப் பக்கம் போகிறீர்கள்?" அவர் சொல்வார். "நாங்கள் இந்தப் பாதையில் ஏரி வரை போய்த் திரும்புகிறோம்" என்று நீங்களும் சொல்லுங்கள். இந்தப் பத்து விநாடிப் பேச்சு எந்த வெஸ்ட்டைவிடவும் பெரிய பாதுகாப்பு. எந்தத் திசையில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது அவர் மனத்தில் பதிந்துவிடுகிறது.

அவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் கிட்டே போய்க் குசலம் விசாரிக்க வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்கு வந்து விரல் விறைக்க உட்கார்ந்திருப்பவர் அவர். கையை உயர்த்திக் காட்டுங்கள், அவரும் காட்டுவார், நடையைக் கட்டுங்கள். பரண் மேலே இருப்பவரைப் பார்க்க அண்ணாந்துதான் ஆக வேண்டும். பன்னிரண்டு, பதினைந்து அடி உயரத்தில் மரத்தோடு மரமாக, இடுப்பில் வார் கட்டி உட்கார்ந்திருப்பார். பாதி நேரம் நாம் கவனிக்காமலே அடியில் கடந்து போயிருப்போம், அவர் நம் பேச்சு முழுவதையும் கேட்டிருப்பார். அமெரிக்கக் காட்டில் தமிழில் குடும்ப விவகாரம் பேசலாம் என்பது ஒரு வசதி.

வெடிச்சத்தம் பக்கத்தில் கேட்டால் ஓடாதீர்கள், பதுங்காதீர்கள். "நாங்கள் இங்கே இருக்கிறோம்!" என்று உரக்கக் கத்துங்கள். ஓடுகிற கால் எதுவானாலும் ஒரு கணம் மான் கால்தான்.

கேள்வி: வேட்டைக்காரரையும் ஹைக்கிங் வருபவரையும் தூரத்திலிருந்தே எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?
*– ஒரு மாணவர், பிட்ஸ்பர்க்*

பதில்: சத்தம் போடாமல் வருகிறவர் வேட்டைக்காரர்.

கேள்வி: அக்டோபரில் டெலவேர் வாட்டர் கேப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். வில்லோடு ஒருவர் மூச்சு வாங்க வந்து, "இந்தப் பக்கம் ஒரு மான் ஓடியதா?" என்று கேட்டார். நிஜமாகவே மானைத் தேடினாரா, மனத்தில் வேறு ஏதாவதா?
*– பெயர் வேண்டாம், பார்சிப்பனி*

பதில்: தமிழச்சி கேட்கிற கேள்வி! நம் அகத்துறைத் தலைவர்கள் இரண்டாயிரம் வருஷமாகப் போடும் தூண்டில் அது. 'என் அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்ததா, மான் வந்ததா' என்று தினைப்புனத்தில் வந்து நிற்பார்கள். அதற்குக் கெடுதி வினாதல் என்று இலக்கணத்தில் இடமே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். குறிஞ்சிப்பாட்டிலும் தலைவன் வேட்டை நாய்களோடுதான் வந்து சேர்கிறான். பெண்கள் நாய்களைக் கண்டு மிரண்டுபோக, இவர் நல்லவராகி விலங்கைப் பற்றி விசாரிக்கிறார். யானையும் இல்லை, மானும் இல்லை என்பது தோழிக்குத் தெரியும்.

ஆனால் பார்சிப்பனி அம்மணி, உங்களிடம் கேட்டவர் சத்தியமாக மானைத்தான் தேடினார். அம்பு பட்ட மான் நின்ற இடத்தில் விழாது. நூறு, நூற்றைம்பது கஜம் ஓடிப் போய்ப் புதரில் படுத்துக்கொள்ளும். உடனே துரத்தினால் இன்னும் தூரம் போய்விடும் என்று வில்லாளர் அரைமணி நேரமாவது காத்திருந்துவிட்டுத்தான் இறங்குவார். பிறகு இலை இலையாகப் பார்த்துக்கொண்டு வருவார். காய்ந்த இலையில் ரத்தத்துளி துருக்கறை மாதிரிதான் இருக்கும், சந்தேகம் வந்தால் விரலால் தொட்டுப் பார்ப்பார். துளி கண்ட இடத்திலெல்லாம் டாய்லெட் பேப்பர் கிழிசலைக் கிளையில் செருகிக்கொண்டே போவார். திரும்பிப் பார்த்தால் மான் போன திசை தெரியும். அடிபட்டதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போவது அவர்கள் வட்டாரத்தில் பெரிய அவமானம். நீங்கள் ஏதாவது பார்த்திருந்தால் சொல்லிவிடுவதுதான் மானுக்கும் நல்லது.

கேள்வி: உரக்கப் பாட்டுப் பாடி, கைதட்டி மான்களைக் காப்பாற்றலாம் என்று எங்கள் குழுவில் யோசனை. உங்கள் ஆசி வேண்டும்.
*– ஒரு ஜீவகாருண்யர், பிரின்ஸ்டன்*

பதில்: ஆசி கிடையாது. ஜாமீனுக்கு வேண்டுமானால் ஆள் பாருங்கள். வேட்டையை வேண்டுமென்றே கெடுப்பது 50 மாநிலங்களிலும் சட்டப்படி குற்றம்; கூட்டாட்சி நிலங்களுக்கு 1994-ல் தனிச் சட்டமும் வந்தது. உங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு நடப்பது குற்றமல்ல. பேசுவது நல்லதும்கூட, உங்கள் இருப்பு தெரியும். ஸ்பீக்கரில் ரஹ்மான் வைப்பது சட்டப்படி குற்றமல்ல, ஆனால் அங்கே மற்ற நடையர்களே உங்களைச் சும்மா விடமாட்டார்கள்.

காருண்யத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1900 வாக்கில் அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் சுமார் ஐந்து லட்சமாகச் சுருங்கியிருந்தன, கண்மண் தெரியாத வேட்டையால்தான். இன்று சுமார் மூன்று கோடி. மானைத் தின்ற ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் கிழக்கு மாநிலங்களில் மனிதன் கிட்டத்தட்ட அடியோடு ஒழித்துவிட்டான். விளைவாக, நியூ ஜெர்சிக் காடுகளில் பெரிய மரம் இருக்கிறது, அடியில் கன்று இல்லை. முளைக்க முளைக்க மேய்ந்துவிடுகின்றன. உங்கள் வீட்டு ரோஜாச் செடியிடம் கேட்டுப் பாருங்கள். மானைக் கொல்வது எனக்கும் ரசிக்கவில்லை, ஆனால் ஓநாயின் வேலையை யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் கைதட்டிவிட்டு வருவது எனக்குச் சுலபமான காருண்யமாகத் தோன்றுகிறது.

கேள்வி: நான் வரி கட்டுகிறேன், காடு எனக்கும் சொந்தம். துப்பாக்கிக்காரருக்கு ஏன் இத்தனை சலுகை?
*– கோபக்காரர், ஹாரிஸ்பர்க்*

பதில்: அவர் கூடுதலாகக் கட்டுகிறார். 1937-ன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி, ரைஃபிள், ஷாட்கன், தோட்டா மீது 11 சதவீத வரி. அந்தப் பணம் மாநிலங்களின் காட்டுயிர்த் துறைகளுக்குப் போகிறது. பென்சில்வேனியாவில் 1920 முதல் வாங்கிச் சேர்த்த கேம் லேண்ட்ஸ் இன்று சுமார் 15 லட்சம் ஏக்கர். அதில் பெரும்பங்கு வேட்டை லைசென்ஸ் பணத்தில் வந்தது. உங்கள் கார் நிற்கிற சரளைக்கல் பார்க்கிங்குக்கு அவர் காசு போட்டிருக்கிறார். நம் முதுகுப்பைக்கும் ஷூவுக்கும் இப்படி ஒரு வரி போடலாம் என்று பேச்சு வந்தபோதெல்லாம் எதிர்ப்பில் அது அமுங்கிப்போனது.

அதற்காகக் காடு அவர் பட்டா நிலமாகிவிடாது. காசு கட்டியவருக்கு வேட்டையாட உரிமை உண்டு; பாதையில் வருகிறவரை முறைக்க உரிமை இல்லை.

கேள்வி: "மான் என்று நினைத்துச் சுட்டுவிட்டேன்" என்றால் அமெரிக்கச் சட்டம் விட்டுவிடுமா?
*– ஒரு வழக்கறிஞர், சென்னை*

பதில்: விட்டிருக்கிறது. அதனால்தான் சட்டத்தையே மாற்ற வேண்டி வந்தது.

1988 நவம்பரில் மெய்ன் மாநிலத்தில் ஹெர்மன் என்ற சிற்றூர். இரட்டைக் கைக்குழந்தைகளின் தாய், 37 வயது, தன் வீட்டுப் பின்பக்கம் நின்றிருந்தார். கையில் வெள்ளைக் கையுறை. வெள்ளைவால் மான் மிரண்டால் வாலைத் தூக்கும், அடிப்புறம் வெள்ளைக்கொடியாகத் தெரியும். மரங்களுக்கிடையே அசைந்த வெள்ளையை மான் வால் என்று நினைத்ததாகச் சொன்ன வேட்டைக்காரரின் குண்டு அந்தப் பெண்ணைக் கொன்றது. முதலில் கூடிய கிராண்ட் ஜூரி வழக்கே வேண்டாம் என்றது. இரண்டாவது ஜூரி குற்றம் சாட்டியது. 1990-ல் விசாரணை நடந்து அவர் விடுதலையானார்.

எனக்கு நெஞ்சில் தைத்தது தீர்ப்புகூட அல்ல, அந்த வட்டாரத்தில் எழுந்த பேச்சு. சீசன் என்று தெரியாதா, ஆரஞ்சு போட்டிருக்கக் கூடாதா, வெளியூரிலிருந்து வந்தவள்தானே என்றார்கள். தன் வீட்டுக் கொல்லையில் நிற்கிறவளுக்கு என்ன யூனிஃபார்ம்? மறுதரப்பும் பேசியது, ஊர் இரண்டுபட்டது, பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் குவிந்தன. 1991-ல் மெய்ன் ஒரு சட்டம் போட்டது: இலக்கு இன்னதென்று உறுதியாகத் தெரியாமல் சுடக்கூடாது, தலையும் உடலும் மறைவின்றிக் கண்ணில் பட்டாக வேண்டும். வாலை மட்டும் பார்த்தேன், சத்தம் மட்டும் கேட்டேன் என்பதெல்லாம் இனி செல்லாது.

நமக்கு இது புது வழக்கல்ல. சரயு நதிக்கரை இருட்டில் குடம் நிரம்பும் ஓசையை யானை நீர் குடிக்கும் ஓசை என்று எண்ணி அம்பு விட்டவர் தசரதச் சக்கரவர்த்தி. காட்டில் படுத்திருந்த கண்ணனின் பாதத்தை மான் என்று எண்ணிய வேடன் ஜரன். ஒருவர் தவறால் ராமாயணத்தின் துக்கம் தொடங்கியது, இன்னொருவர் தவறால் கிருஷ்ணாவதாரமே முடிந்தது. தசரதனிடம் அம்பு பட்டு இறந்த பையனின் கிழப் பெற்றோர், "எங்கள் பையன் ஏன் இருட்டில் தண்ணீர் எடுக்கப் போனான், அவன்மேல்தான் தப்பு" என்று சொல்லவில்லை. சாபம் கொடுத்தார்கள். மெய்ன் சட்டசபை சாபத்துக்குப் பதிலாகச் சட்டப்பிரிவு கொடுத்திருக்கிறது. ஆரஞ்சு போடுவது நம் சாமர்த்தியம். போடாதது நம் குற்றமாகாது, விரலை விசையில் வைத்திருக்கிறவர்தான் பார்க்கக் கடமைப்பட்டவர்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஹைக்கிங்கை விட்டுவிட வேண்டாம். வேட்டை விபத்துகளில் அடிபடுவது பெரும்பாலும் வேட்டைக்காரர்களே: தன் துப்பாக்கியால் தானே, அல்லது கூட வந்த மச்சான், அல்லது பரணிலிருந்து விழுந்து. 1915 முதல் கணக்கு வைத்திருக்கும் பென்சில்வேனியாவில் 2012-ல் துப்பாக்கியால் ஒரு வேட்டைச் சாவுகூட இல்லை, அந்தக் கணக்கில் அதுவே முதல்முறை. பாடம் நடத்தியதும் ஆரஞ்சைக் கட்டாயமாக்கியதும் வேலை செய்திருக்கின்றன.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை வேட்டை இல்லை என்று நம்பிப் போகலாமா?
*– வாரம் ஒருநாள் நடப்பவர், ஜெர்சி சிட்டி*

பதில்: எந்தக் கரையில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நியூ ஜெர்சியில் ஞாயிறன்று துப்பாக்கி வேட்டை கிடையாது. ஆனால் 2009 முதல் தனியார் நிலத்திலும் மாநிலக் காட்டுயிர் மேலாண்மைப் பகுதிகளிலும் வில்லுக்கு அனுமதி உண்டு. ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியாவில், ஞாயிறு தேவாலயத்துக்குரிய நாள் என்ற காலத்துச் சட்டம் நெடுநாள் தாக்குப்பிடித்தது. 2019-ல் மூன்று ஞாயிறுகளுக்குக் கதவு திறந்தது, 2025-ல் தடையே போய்விட்டது. ஆகவே பழைய நினைப்பில் போகாதீர்கள். மெய்னில் இன்றும் முழுத் தடை. அங்கே 2021-ல் அரசியலமைப்பில் உணவுக்கான உரிமை சேர்ந்ததும், ஞாயிறும் எங்கள் உணவைத் தேட உரிமை உண்டு என்று ஒரு தம்பதி வழக்குப் போட்டார்கள். 2024-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை.

வாரம் ஐந்து நாள் கூரை வேய்கிற தொழிலாளிக்கு மீதி இருப்பது சனி, ஞாயிறு. அதில் ஒன்றைப் பிடுங்கினால் எப்படி என்று அவர் தரப்பில் கேட்கிறார்கள். நியாயம்தான். இருந்தாலும் நான் ஒரு நாளாவது நடப்பவர்களுக்கு வேண்டும் என்கிற கட்சி. வேட்டைக்குப் போகிறவரிடம் லைசென்ஸ் உண்டு, அட்டவணை உண்டு, கையேடு உண்டு. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு காற்று வாங்க வருகிறவர் எந்தக் கையேட்டையும் படித்துவிட்டு வருவதில்லை.

இத்தாலியில் ஒரு வேடிக்கை. 1992 சட்டப்படி அங்கே வாரத்தில் இரண்டு நாள் வேட்டைக்கு ஓய்வு. ஞாயிறு அல்ல, செவ்வாயும் வெள்ளியும். நம் வீடுகளில் கவுச்சி சேர்க்காத நாட்களை ரோமில் உட்கார்ந்து யார் பார்த்துக் கொடுத்தது என்று தெரியவில்லை.

கேள்வி: நாங்கள் பிரான்சில் இருக்கிறோம். இலையுதிர் காலத்தில் பிள்ளைகளோடு காட்டுக்குப் போகவே மனிசி பயப்படுகிறா. அமெரிக்காவைவிட இங்கே மோசமோ?
*– ஒரு வாசகர், லா சப்பல், பாரிஸ்*

பதில்: அவ பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் ஊரில் காட்டுப்பன்றியை விரட்டி விரட்டிச் சுடுவார்கள். ஒரு வரிசை ஆட்களும் நாய்களும் விரட்டிவர, இன்னொரு வரிசை துப்பாக்கியோடு காத்திருக்கும். அமெரிக்கப் பரண்காரர் அசையாமல் மேலிருந்து கீழ்நோக்கிச் சுடுகிறவர், குண்டு மண்ணில் போய் முடியும். ஓடுகிற பன்றியைத் தரைமட்டத்தில் சுடும் குண்டு எங்கே முடியும் என்பதற்கு உத்தரவாதம் குறைவு. 2020 டிசம்பரில் லோட் பகுதியில் தன் வீட்டருகே விறகு வெட்டிக்கொண்டிருந்த 25 வயது இளைஞர் இறந்தார். 2022 பிப்ரவரியில் கன்டாலில் அடையாளமிட்ட நடைபாதையில் போன 25 வயதுப் பெண் இறந்தார், சுட்டவருக்கு வயது 17. லட்சம் கையெழுத்து தாண்டிய மனு செனட்டுக்குப் போனது, அறிக்கையும் வந்தது. ஆனால் 2023 ஜனவரியில் அரசு ஞாயிறு தடையைத் தவிர்த்துவிட்டது. குடித்துவிட்டு வேட்டையாடினால் அபராதம் என்பதைக் கொண்டுவந்தது. அதுவரை அது தனிக் குற்றமில்லையா என்று கேட்காதீர்கள், நானும் அப்படித்தான் திகைத்தேன்.

2019 சட்டப்படி கூட்டு வேட்டை நடக்கும்போது பாதையோரம் பலகை வைத்தாக வேண்டும். 'வேட்டை நடக்கிறது' என்ற பலகையைக் கண்டால் வாதாடாமல் வண்டியைத் திருப்புங்கள். ஆரஞ்சு அங்கே பாதி உதவிதான். கண்டு சுடுகிறவருக்கு ஆரஞ்சு தெரியும், தவறிப் போகும் குண்டுக்குத் தெரியாது.

கேள்வி: கோவையைச் சுற்றி இவ்வளவு காடு. எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லையே, பார்த்தீர்களா?
*– பெருமிதம் கொண்டவர், வடவள்ளி*

பதில்: 1972-ன் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு நன்றி சொல்லுங்கள். உங்கள் காட்டில் துப்பாக்கியோடு வருபவர் வனத்துறைக்காரர், இல்லையென்றால் வனத்துறை தேடுகிறவர். ஆனால் எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் பயமில்லை என்று சொல்லிவிட முடியுமா? உங்கள் பாதையில் வருகிறவர் ஆரஞ்சு போட மாட்டார், தந்தம் வைத்திருப்பார்.

கேள்வி: டிசம்பரோடு சீசன் முடிந்ததும் ஆரஞ்சைக் கழற்றிவிடலாம்தானே?
*– அவசரக்காரர், ஸ்க்ரான்டன்*

பதில்: ஏப்ரல் கடைசியில் வான்கோழி சீசன் வருகிறதே! அது வேறு ரகம். ஆண் வான்கோழியின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உண்டு. ஆகவே ஜூலை 4-க்கு வாங்கிய கொடி டீஷர்ட்டை மே மாதக் காட்டுக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். தேசபக்தியைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள். வான்கோழிக்குக் கண் கூர்மை, நிறமும் நன்றாகத் தெரியும், அதனால் வேட்டைக்காரர் முகம்வரை இலைத்துணி சுற்றிக்கொண்டு மரத்தில் சாய்ந்திருப்பார். சிறு மரப்பெட்டியைத் தேய்த்துப் பெட்டைக்கோழி மாதிரி கூவுவார். கூவல் கேட்டு, "அட, வான்கோழி!" என்று கேமராவோடு பதுங்கிப் பதுங்கிப் போனீர்களானால், புதரின் அந்தப் பக்கத்தில் வான்கோழிக்காகக் காத்திருப்பவருக்கு வான்கோழியாகவே போய்ச் சேர்வீர்கள்.

கேள்வி: நாய்க்குமா ஆரஞ்சு?
*– லாப்ரடார் வளர்ப்பவர், ரிச்மண்ட்*

பதில்: நாய்க்குத்தான் முதலில். பழுப்பு நிறம், நாலு கால், புதருக்குள் ஓட்டம் என்று எல்லாப் பொருத்தமும் இருக்கிறது. வெஸ்ட், கழுத்தில் மணி, கையில் வார். வார் எதற்கென்றால், பாதையை விட்டுக் கொஞ்சம் தள்ளி நரிக்கு வைத்த பொறியும் இருக்கலாம்.

கேள்வி: பக்கத்து வீட்டு வேட்டைக்காரர் மான் கறி கொண்டுவந்து கொடுக்கிறார். வாங்கலாமா, காசு கொடுக்க வேண்டுமா?
*– மட்டன் பிரியர், யார்க்*

பதில்: காசு கொடுத்தால் இருவருக்கும் வம்பு, வேட்டையாடிய கறியை விற்கக் கூடாது. கொடுத்ததை வாங்கிக்கொள்வதில் தடையில்லை. பென்சில்வேனியாவில் 1991 முதல் வேட்டைக்காரர்கள் மான் கறியை உணவு வங்கிகளுக்குத் தானமாகவும் கொடுக்கிறார்கள். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ஈயக் குண்டா, செம்புக் குண்டா? ஈயம் கண்ணுக்குத் தெரியாத துணுக்காகச் சிதறி இறைச்சியில் தங்கும். 2008-ல் வட டகோட்டா அரசு, கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் ஈயக்குண்டில் விழுந்த கறியைத் தவிர்க்கச் சொன்னது. அம்பில் விழுந்தது என்றால் கவலையே இல்லை. மான் கறியில் கொழுப்பே கிடையாது, ஆகவே நல்லெண்ணெயில் கஞ்சம் பார்க்காதீர்கள். மிளகு தூக்கலாக, இஞ்சி இரண்டு மடங்கு. அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள். அடுத்த வருஷம் எந்தச் சனிக்கிழமை எந்தக் காட்டுக்குப் போகக் கூடாது என்பதை அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்.

கேள்வி: சரி, வெஸ்ட் வாங்கப் போகிறேன். என் அளவு மீடியம்.
*– உடனே கிளம்புபவர், ஸ்டேட் காலேஜ்*

பதில்: எக்ஸ்எல் வாங்குங்கள். ஜாக்கெட்டுக்கு மேல், முதுகுப்பைக்கும் மேல் மாட்ட வேண்டும். உள்ளே போட்டுக்கொண்டு பையால் மூடிவிட்டால், பின்னாலிருந்து பார்ப்பவருக்கு நீங்கள் வெறும் பழுப்புப் பை.